ஒண்ணரை அங்குல ஐஸ்

மணிலா
14-2-1999

அன்புள்ள யசோவுக்கு பாரி எழுதுவது. ஜெய்பீம். நான் வந்து சேந்து ஒம்போது நாள் ஆவுது. ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, கொழம்பு இல்லாத சோறுதான் பேஜாரா கீது. நீயும் பாப்பா மகிழினியும் எப்டி கீறீங்கோ? பாப்பாவுக்கு அந்த இருமல் நின்னுச்சா?

ஒரு விசயத்தை முதல்லியே சொல்லிடறேன். ஏஜென்ட் சௌக்கத் அலி பாய் சொன்ன மீன் கம்பெனி வேலை இல்ல இது. நான் ஏறங்கறதுக்குள்ளாற என் பேப்பரை வேற எடத்துக்கு மாத்திட்டாங்களாம். இங்க நாலு மாடிக்கு ஒரே கட்டடம், உள்ளாற நூத்துக்கணக்குல கடைங்க. கீழ் மாடி நடுவுல தரை பூரா ஐஸ். நான் காசிமேட்டு பேக்டரியில உருட்டின பார் ஐஸ் மாதிரி இல்ல. ஒரே பலகையா, ஒண்ணரை அங்குல கனத்துல, ராயபுரம் ஸ்டேசன் பிளாட்பாரத்துல கால்வாசி நீளத்துக்கு கீது. அடியில பைப்புல உப்புத்தண்ணி ஓடுது. கம்ப்ரசரு, பம்ப் எல்லாம் பத்து வருசமா நான் பாத்த சாமானுங்கதான். ஐஸ் உருகாம பாத்துக்கறது என் வேலை. மேல கீறல் வுழுந்தா சுடுதண்ணி ஊத்தி வழவழன்னு ஆக்கணும்.

ஜனங்க ஷூவுக்கு அடியில கத்தி மாட்டிகினு அதுமேல வழுக்கிகினு போறாங்க. அது கூட பரவால்ல. காலையில கடை தொறக்கறதுக்கு முன்னாடி வெள்ளைக்காரனுங்க இருபது பேரு வருவானுங்க. தலைக்கு கம்பிக் கூண்டு, கை கால் பூரா மெத்தை, கையில வளைஞ்ச கட்டை. கறுப்பு ரப்பர் வில்லை ஒண்ணை அடிச்சிகினு ஒர்த்தன் மேல ஒர்த்தன் மோதிக்குவானுங்க. ஐஸ் ஹாக்கியாம். கனடாவுல ஆடறதாம். இந்த ஊரு பசங்க அவனுங்க பையைத் தூக்கிக் குடுக்கறதோட சரி.

மேல் விலாசத்துக்கு எழுது. பாப்பாவைத் தனியா ரோட்டுக்கு வுடாதே, கண்டெய்னர் லாரிங்க ஜாஸ்தி.

இப்படிக்கு,
பாரி


ராயபுரம்
10-3-1999

அன்புள்ள மாமாவுக்கு யசோதரா எழுதறது. நாங்க ரெண்டு பேரும் நல்லா கீறோம். பாப்பா இருமல் நின்னுடுச்சு. உனக்கு நெஞ்சுல சளி கட்டாம பாத்துக்கோ.

உன் கடுதாசியை மூணு தபா படிச்சேன். படிக்கப் படிக்க சந்தேகந்தான் வருது. பத்து வருசம் ஐஸ் பேக்டரியில இருந்த மனுசன் ஐஸ் மேல சுடுதண்ணி ஊத்தறேன்னு எழுதுவானா? கடைக்குள்ளாற எதுக்கு மாமா ஐஸ் தரை? யாரு உன்னை இப்டி எழுதச் சொன்னது?

நான் சும்மா இல்ல. நான் வேலை செய்ற ராசையா அண்ணாச்சி கடைக்கு எல்லா ஊரு கப்பல் சமையக்காரனும் வெங்காயம், உருளைக்கெழங்கு எடுக்க வருவான்னு உனக்குத் தெரியும். போன வாரம் பிலிப்பைன்ஸ் ஆளு ஒர்த்தரு வந்தாரு. அண்ணாச்சி பொண்ணு மகிமா காலேஜ் படிக்குதில்ல, அதை வுட்டு இங்கிலீஷ்ல கேக்கச் சொன்னேன். அவரு வவுறு குலுங்க சிரிச்சாரு. எங்க ஊர்ல ஐஸ் கிளாஸுலதான் கீது, துருவி, பாலும் பயறும் போட்டுத் துன்னுவோம், அதுமேல நடக்கறதெல்லாம் சினிமாவுலதான்னாரு. பிலிப்பைன்ஸ்காரங்க கட்டை வெச்சிகினு ஐஸ்ல ஆடுவாங்களான்னு மகிமா திருப்பிக் கேட்டுச்சு. கூடை எடுத்துகினு வந்த இன்னொரு ஆளுக்கு அதைச் சொல்லி ரெண்டு பேருமா சிரிச்சாங்க. அண்ணாச்சியும் சிரிச்சாரு. எனக்கு சிரிப்பு வரல.

மறுநாள் மண்ணடிக்குப் போயி பாய் ஆபீசைப் பாத்தேன். பூட்டு தொங்குது. எங்க போனாருன்னு பக்கத்து கடைக்காரருக்கும் தெரியல.

மாமா, நீ ஜெயில்ல கீறியா? இல்ல எதனா கப்பல்ல ஏத்தி வுட்டுட்டாங்களா? எதுவா இருந்தாலும் சொல்லிடு, நான் அழ மாட்டேன். டபாய்க்காதே. அந்த ஐஸ் மேல நின்னுகினு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

உன் பதிலுக்குக் காத்துகினு கீற,
யசோதரா


மணிலா
2-4-1999

யசோ, நீ கேட்ட போட்டோவை இத்தோட வெச்சிகீறேன். பாத்துக்கோ, ஜெயில் இல்ல. நான் நல்லாதான் கீறேன். நீங்க நல்லா கீறீங்கன்னு படிச்சி நிம்மதி. ஆனா ஊர்ல கீறவன்கிட்டெல்லாம் புருசனைப் பத்தி விசாரிக்கறது எனக்குப் புடிக்கல. ஒரு வார்த்தை என்னை நம்பக் கூடாதா?

அந்த சமையக்காரரு சொன்னதுல தப்பும் இல்ல. இந்த ஊரு ஜனங்களுக்கே இந்த ஆட்டம் தெரியாது. ஆனா இங்க ஒண்ணு நடந்துகினு கீது. வாடகைக்கு ஷூ குடுக்கற பசங்க அஞ்சு பேரு, வெள்ளைக்காரனுங்க ஆடறதை தெனமும் பாத்துப் பாத்தே கத்துகினானுங்க. அதுல டந்தேன்னு ஒர்த்தன், வூடு பெருக்கறவன் மாதிரி ஐஸ் பெருக்கறவன்தான், அவன் வழுக்கிகினு போனா வெள்ளைக்காரனுங்களே நின்னு பாக்கறானுங்க. இவனுங்களுக்கு கட்டை கெடையாது. அவனுங்க ஒடைச்சிப் போட்டதை எடுத்து, கோந்து போட்டு ஒட்டி, டேப்பு சுத்தி வெச்சிகீறானுங்க. நெஞ்சுக்கு மெத்தை இல்லாம அட்டையை மடிச்சி சட்டைக்குள்ளாற வெச்சிக்குவானுங்க.

சின்னப் புள்ளைங்களுக்கு வழுக்கச் சொல்லிக் குடுக்கறது லிகாயான்னு ஒரு பொண்ணு. லிகாயா அப்பா ஜீப்பு ஓட்டறவரு. கோல் வாசல்ல நிக்க எந்தப் பையனும் ஒத்துக்கல, அந்த ரப்பர் வில்லை மூஞ்சில பட்டா பல்லு பூடும். லிகாயா நிக்கறேன்னுடுச்சு. லிகாயான்னா அவங்க பாஷையில மகிழ்ச்சியாம், நம்ம பாப்பா பேரு மாதிரி. லிகாயா நின்னா உள்ள ஒண்ணும் போவறதில்ல.

ஐஸை மணிக் கணக்குல வாடகைக்கு எடுக்க இவங்களால முடியாது. அதனால லிகாயா வந்து என்னைக் கேட்டுச்சு. பக்கத்துக் கதவு சாவி என்கிட்டதான். காலையில வெள்ளைக்காரனுங்க வரதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் தொறந்து வுடறேன். மேனேஜருக்குத் தெரியாது. இதை நீ யாருகிட்டயும் சொல்லிக்காதே, லிகாயா வேலையும் பூடும், என் வேலையும் பூடும்.

பாப்பாவுக்கு முத்தம்.
பாரி


ராயபுரம்
29-4-1999

அன்புள்ள மாமாவுக்கு யசோதரா. இங்க வெயில் கொளுத்துது, கொழாயில தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மத்தபடி சொகம். பாப்பா அஞ்சாங்கிளாஸ் பூட்டா. நீ நேரத்துக்கு சாப்பிடறியா?

போட்டோ வந்துச்சு. பக்கத்து வூட்டு பட்டம்மாள் பாத்துட்டு, ஸ்டூடியோவுல பின்னாடி துணி கட்டி எடுத்ததுன்னு சொன்னாங்க. நான் அப்டி நெனைக்கல. நீ நிக்கற நிப்புலியே தெரியுது, வழுக்குமோன்னு பயந்துகினு கால அகட்டி வெச்சிகீற. அதனால ஐஸை நம்பறேன்.

மத்தது கேக்கறேன். போட்டோவுல ஒன் தோள் மேல ஒரு கை கீது. ஆளு தெரியல, போட்டோ அங்கியே முடிஞ்சிடுது. விரலு சன்னமா கீது. யாரு கை அது? நீ போட்டுகினு கீற செவப்பு ஸ்வெட்டரு நான் எடுத்து வெச்சது இல்ல. யாரு குடுத்தாங்க?

உன் கடுதாசியில அந்தப் பொண்ணு பேரு ஏழு தபா வருது. என் பேரு ஒரு தபா. நான் வேலையத்தவளா எண்ணல, கண்ணுல பட்டுச்சு.

அவ்ளோதான். ஒடம்பைப் பாத்துக்கோ.
யசோதரா


மணிலா
24-5-1999

யசோவுக்கு, நலம். நீயும் பாப்பாவும் அப்டியே இருக்கணும். தண்ணிக்கு நீயே கொடம் தூக்காதே, இடுப்பு வலி வந்துடும்.

கை டந்தேவோடது. அவனுக்கு இருபது வயசு, சன்னமாத்தான் கீறான். ஸ்வெட்டரு லிகாயாவோட அப்பா குடுத்தாரு, பழசு. வேற இன்னா கேக்கணும் கேட்டுடு.

இப்ப ஒரு சந்தோசம் சொல்றேன், அதையாவது சந்தேகப்படாம படி. வெள்ளைக்காரனுங்க டீமுல ஆள் கொறைஞ்ச அன்னிக்கு நம்ம பசங்களை எதிர்ல நிக்கச் சொன்னானுங்க. பதினாலுக்கு ஒண்ணுன்னு தோத்தானுங்க. ஆனா அந்த ஒரு கோலு கீதே, டந்தே நாலு பேரைத் தாண்டி இஸ்துகினு போயி அடிச்சான். அந்நேரம் கடை தொறந்து பெருக்கிகினு இருந்த ஜனங்க, மாடிக் கம்பியைப் புடிச்சிகினு நின்னவங்க, எல்லாம் கத்துன கத்துல எனக்கு மயிர்க்கால் நின்னுச்சு. தங்க ஊரு ஆளு ஒர்த்தன் அதை ஆடுவான்னு அவங்க அதுக்கு முன்னாடி நெனைச்சதே இல்ல. மறுநாள்லேந்து சமோசா மாதிரி ஒண்ணு விக்கறவன், துணிக்கடைப் பொண்ணு, செக்யூரிட்டி தம்பின்னு அஞ்சு பேரு சேந்துட்டாங்க. இப்ப பதினோரு பேரு. ஜூலை பதினொண்ணு ஞாயித்துக்கெழம கடை திருவிழாவுக்கு ஜனங்க முன்னாடி மேட்சு ஆட மேனேஜரே ஒத்துகினாரு. பழக மட்டும் நேரம் குடுக்கல. நான்தான் குடுக்கறேன்.

மேட்சு முடிஞ்சதும் விவரமா எழுதறேன்.
பாரி


மணிலா
6-9-1999

யசோதராவுக்கு, நலம். உன் மூணு கடுதாசியும் வந்து சேந்துச்சு. பதில் போட நேரம் இல்ல. மூணாவதுல என்னை நீங்கள்னு எழுதியிருந்தே. கல்யாணம் ஆன நாள்லேந்து நீ அப்டிக் கூப்ட்டதில்ல.

வேலை எப்பவும் போல. இங்க மழை. பாப்பா பரிச்சை எப்டி எழுதுனா? அவளுக்கு கணக்கு வராது, மகிமாகிட்ட அனுப்பு.

வேற விசேசம் இல்ல.
பாரி


ராயபுரம்
30-9-1999

லிகாயாவுக்கு,

நான் யசோதரா. ஐஸ் மெஷின் பாக்கற பாரியோட சம்சாரம். நான் தமிழ்ல சொல்லச் சொல்ல மகிமா இதை இங்கிலீஷ்ல எழுதுது. நீயும் உன் அப்பா அம்மாவும் சொகமா இருக்கணும்.

என்னை உனக்குத் தெரியாது, உன்னை எனக்குக் கொஞ்சம் தெரியும். என் வூட்டுக்காரரு உன்னைப் பத்தி நெறைய எழுதினாரு. அப்பால மூணு மாசத்துக்கு மேல கடுதாசியே இல்ல. இப்ப ஒண்ணு வந்திச்சு, ஆறு வரி. அதுல ஹாக்கியும் இல்ல, மேட்சும் இல்ல, உன் பேரு ஒரு தபா கூட இல்ல. ஒரு பேரை எழுதறதை ஒரு மனுசன் திடீர்னு நிறுத்தினா அதுக்கு ஒரு காரணந்தான் எனக்குத் தெரியுது.

இந்த மாசம் எங்க கடைக்கு கப்பல்ல எண்ணெய் போடற பென்ஹமின்னு ஒர்த்தரு வந்தாரு. பழைய பழக்கத்துல அவரையும் கேட்டேன். முன்னாடி வந்தவங்க மாதிரி அவரு சிரிக்கல. வெங்காய மூட்டை மேல இருந்த தொடப்பத்தை எடுத்து எப்டி அடிக்கணும்னு ஆடியே காட்டினாரு. அவரு அக்கா புள்ளை உங்ககூட ஆடறானாமே. இன்னொரு கடையிலயும் ஐஸ் போட்டுட்டாங்க, இப்ப மூணு டீமுன்னாரு. அப்பால உன்னைப் பத்திக் கேட்டேன். அவரு தன் முட்டியைத் தொட்டுக் காமிச்சிட்டு, அவ இனிமே ஆட மாட்டா, உன் புருசனைக் கேளுன்னு சொல்லிட்டு வெங்காயத்தை எண்ண ஆரமிச்சிட்டாரு.

புருசன் சொல்ல மாட்டேங்கறாரு. அதனால உன்னையே கேக்கறேன். என் வூட்டுக்காரரு உன் வூட்ல கீறாரா? ஆமான்னா ஆமான்னு எழுது. நான் உன்னைத் திட்ட மாட்டேன். தெரியாம கீறதுதான் என்னைத் துன்னுது.

பென்ஹமின் கையில இதைக் குடுத்து அனுப்பறேன்.
யசோதரா


மணிலா
18-10-1999
(மகிமா தமிழில் எழுதியது)

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் உங்கள் மகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் அப்பாவும் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

உங்கள் கணவர் என் வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டி வாங்கிக்கொண்டு வருவார். வாசலிலேயே நிற்பார். அப்பா எவ்வளவு கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எங்களுக்குள் நீங்கள் நினைப்பது போல எதுவும் இல்லை. அவர் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்று அறிந்து எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜூலை பத்தாம் தேதி, மேட்சுக்கு முதல் நாள், காலைப் பயிற்சியில் கோல் வாசலில் நான் திரும்பும்போது விழுந்தேன். என் மேல் இன்னொருவன் விழுந்தான். முட்டி இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. கம்பு ஊன்றி நடக்கிறேன். அனுமதி இல்லாத நேரத்தில் எப்படி உள்ளே வந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் மேனேஜர் கேட்டார். மெஷின் ரூமிலிருந்து நான்தான் சாவியைத் திருடினேன், பாரிக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். நான் இந்த ஊர்க்காரி, எனக்கு வேறு வேலை கிடைக்கும். அவருக்கு வேலை போனால் நாட்டை விட்டே போக வேண்டும் அல்லவா?

நான் இல்லாமலே அவர்கள் மேட்சை ஆடினார்கள். ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றார்கள். இப்போது ஞாயிறுதோறும் நாற்பது குழந்தைகள் ஹாக்கி கற்றுக்கொடுக்கச் சொல்லி வந்து நிற்கிறார்களாம். கேட்டபோது அழுதுவிட்டேன், ஆனால் சந்தோஷத்தில்தான்.

அவர் மேல் கோபப்படாதீர்கள் அக்கா. அன்று காலை ஐஸ் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

அன்புடன்,
லிகாயா


ராயபுரம்
5-11-1999

மாமாவுக்கு யசோதரா எழுதறது. நாங்க நல்லா கீறோம். நீ எப்டி கீறேன்னு இனிமே உன்னைக் கேட்டுப் புண்ணியம் இல்ல, நீ நலம்னுதான் எழுதுவே.

லிகாயா எனக்குக் கடுதாசி போட்டுச்சு. நான்தான் முதல்ல எழுதிக் கேட்டேன். அந்தப் பொண்ணைப் பத்தி நான் நெனைச்சதெல்லாம் தப்பு. அதுக்கு நான் வெக்கப்படறேன். பாய் ஆபீசைப் பத்தி நெனைச்சதும் தப்பு. அவரு அம்மாவுக்கு ஒடம்பு முடியாம ஊருக்குப் போயிருந்தாராம், திரும்பி வந்து உன்னைப் பத்தி அக்கறையா விசாரிச்சாரு.

ரெண்டு தப்பு பண்ணியும் என் சந்தேகம் போவல. அந்தப் பொண்ணு கடைசியில ஒண்ணு எழுதிகீது. அன்னிக்கு ஐஸ் எப்டி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதாம். நான் ஐஸைப் பத்திக் கேக்கவே இல்லையே மாமா. உன் வூட்ல கீறாரான்னுதான் கேட்டேன். கேக்காததுக்கு எதுக்கு பதில்?

காசிமேட்டுல நீ ஐஸ் மேல கைய வெச்சே எத்தினி டிகிரின்னு சொல்லுவே. மீட்டரைப் பாத்து சொல்றவங்களோட பந்தயம் கட்டி ஜெயிப்பே. உன் ஐஸ் இளகினா உனக்குத் தெரியாதா?

தெரிஞ்சிருந்துச்சா? இந்த ஒண்ணுக்கு மட்டும் பதில் எழுது. மழையைப் பத்தி எழுதாதே.

யசோதரா


மணிலா
30-11-1999

யசோ,

தெரிஞ்சிருந்துச்சு.

விடியறதுக்கு முன்னாடியே பம்ப் நின்னுபோச்சு. எவ்ளோ நேரம் நின்னுச்சுன்னு தெரியல, நான் கண்ணசந்துட்டேன். எழுந்து ஓட வெச்சேன். ஆனா போன குளிரு திரும்பி வர மூணு மணி நேரம் ஆவும். கோல் வாசல்கிட்டதான் பைப்போட கடைசி முனை, அங்க ஐஸ் வேர்த்துகினு இருந்துச்சு. கட்டை விரலை வெச்சி அழுத்தினேன். பதிஞ்சிது. அந்நேரம் அவங்க வந்து நின்னாங்க. மேட்சுக்கு முன்னாடி பழகறதுக்கு அதுதான் கடைசி நாளு. பதினோரு மூஞ்சியும் என்னைப் பாக்குது. இன்னிக்கு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொன்னா ஏன்னு கேப்பாங்க, பம்ப் நின்னது வெளிய தெரியும், என் வேலை பூடும். இருபது நிமிசத்துல இறுகிடும்னு மனசுக்கு நானே சொல்லிகினு கதவைத் தொறந்து வுட்டேன்.

லிகாயா கத்துனதைக் கேட்டுத்தான் ஓடினேன். ஷூ கத்தி ஐஸ்ல புதைஞ்சி நின்னுபோச்சு, ஒடம்பு மட்டும் திரும்பிடுச்சு.

ஆஸ்பத்திரியில மேனேஜரு வாய் தொறக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு, நான்தான் சாவி திருடினேன்னு சொல்லிடுச்சு. நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்னுகினு இருந்தேன். எனக்கு வாய் இருந்துச்சு, பேசல. அந்த ஒரு நிமிசம் போனப்புறம் பேசறது கஷ்டமா பூட்ச்சு. ஒவ்வொரு நாளும் இன்னும் கஷ்டமாச்சு. உனக்கு எழுத உக்காந்தா அதுதான் கையில வரும், அதனால எழுதல.

உன் கடுதாசி வந்த மறுநாளே மேனேஜர் ரூமுக்குப் போயி சாவியைப் பத்தியும் பம்ப்பைப் பத்தியும் சொன்னேன். எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்து போடுன்னாரு. போட்டேன். ஜனவரி முப்பத்தொண்ணோட என்னை ஊருக்கு அனுப்பறாங்க. அதுவரைக்கும் புது ஆளுக்கு மெஷின் காட்டணும். லிகாயாவைத் திரும்ப எடுத்துக்கறாங்க. அந்த நாப்பது புள்ளைங்களோட அம்மா அப்பாங்க எல்லாம் அதுதான் வேணும்னு எழுதிக் குடுத்துகீறாங்க.

உன்னைத்தான் கஷ்டப்படுத்தப் போறேன். வெறுங்கையோட வரேன்.
பாரி


ராயபுரம்
22-12-1999

அன்புள்ள மாமா,

நீ வரேன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டேன். எதுக்குன்னு சொல்லல. அதை நீயே வந்து சொல்லு, அவளுக்குப் புரியற வயசுதான். கஷ்டம்னு எழுதிகீற. நீ போறதுக்கு முன்னாடியும் நாம சாப்ட்டுகினுதான் இருந்தோம். எண்ணூர் பக்கம் இறால் கம்பெனியில குளிர் ரூமுக்கு ஆள் தேடறாங்கன்னு அண்ணாச்சி சொன்னாரு. நடந்ததை எல்லாம் சொல்லித்தான் உன் பேரைக் குடுக்கச் சொன்னேன். குடுத்துகீறாரு.

உன் கடுதாசியை நாலு தபா படிச்சேன். மேனேஜர்கிட்ட சொன்னே. என்கிட்ட சொன்னே. முட்டி ஒடைஞ்சவகிட்ட சொன்னேன்னு எங்கயும் எழுதல.

அது இன்னும் உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நம்பிகினு கீதா? அப்டி நம்பித்தான் உனக்காக பொய் சொல்லிச்சா? ரொட்டியை வாசல்ல குடுத்துட்டு வந்தா போதுமா?

ஏறதுக்கு முன்னாடி அந்த வூட்டுக்குள்ளாற போ.

யசோ


மணிலா
13-1-2000

என் யசோவுக்கு பாரி. எனக்கு முன்னாடி இது உன் கைக்கு வந்துடும்னு நம்பறேன். சொகமா கீறேன், இந்த தபா நெசமாவே.

போன ஞாயித்துக்கெழம போனேன். லிகாயாவோட அப்பா எப்பவும் போல உள்ள வான்னாரு. உள்ள போனேன். சின்ன ரூமு, லிகாயா காலை ஒரு ஸ்டூல் மேல நீட்டி வெச்சிகினு உக்காந்துகினு இருந்துச்சு. நான் உக்காரல. நீ எனக்கு எழுதின மாதிரி சுத்தி வளைக்காம சொல்லிட்டேன். அன்னிக்கு ஐஸ் இளகியிருந்துச்சு, எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் கதவைத் தொறந்தேன்.

அதோட அப்பா எழுந்து வெளிய போயிட்டாரு. அது தரையைப் பாத்துகினே சொல்லிச்சு:

"எனக்கும் தெரியும்."

எனக்குப் புரியல. அது சொன்னதை அப்டியே எழுதறேன். "மொத சுத்துலியே கத்தி பிடிக்கிறது தெரிஞ்சிது. கோல் வாசல்ல நிக்கறவ நான், அந்த இடத்துல ஐஸ் எப்டி கீதுன்னு எனக்குத் தெரியாம எப்டி? நான் சொல்லியிருந்தா எல்லாரும் வெளிய வந்திருப்பாங்க. மேட்சு பூடுமேன்னு சொல்லல. உன் சம்சாரத்துக்கு, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதினேன். எனக்கும் தெரியாதுன்னு யாராவது சொல்லுவாங்களான்னு ஆசை."

நீ படிச்சப்ப அந்த ஒரு வரி உனக்கு உறுத்துச்சே, அதுக்குக் காரணம் இதுதான். அது என்னை மன்னிக்கல. நானும் கேக்கல. ரெண்டு பேரும் டீ குடிச்சோம். அதோட அப்பா ரொம்ப நேரம் கழிச்சி வந்தாரு, என் மூஞ்சியைப் பாக்கல. திரும்பி வரப்போ அந்த செவப்பு ஸ்வெட்டரை மடிச்சி அங்கியே வெச்சிட்டு வந்தேன்.

நேத்து லிகாயாவுக்கு வேலையில மொத நாளு. இப்ப நாப்பத்தாறு புள்ளைங்க. மீன் விக்கறவங்க வூட்டுப் பொண்ணு, டாக்டர் பையன், ஜீப்பு ஓட்டறவன் புள்ளைன்னு எல்லாம் கலந்து கீது. டந்தே அதுங்களுக்கு ஷூ மாட்டி வுட்டான். மேல மூணு மாடிக் கம்பியிலயும் அம்மாங்க நின்னு பாக்கறாங்க. லிகாயாவால இனிமே ஐஸ்ல ஏறங்க முடியாது. ஓரத்துல நாற்காலி போட்டு உக்காந்துகினு, கட்டையை எப்டி புடிக்கணும்னு சொல்லித் தரும்னு நெனைச்சேன். கட்டையை எடுக்கவே இல்ல. புள்ளைங்களை வரிசையா மண்டி போட வெச்சி, கையுறையைக் கழட்டி, ஐஸைத் தொடச் சொல்லிச்சு.

"கெட்டியா கீதா, வேர்த்துகினு கீதான்னு முதல்ல பாரு. வேர்த்துகினு இருந்தா ஏறங்காதே. மேட்சு இருந்தாலும் ஏறங்காதே. யாரு கதவைத் தொறந்து வுட்டாலும் ஏறங்காதே."

நாப்பத்தாறு புள்ளைங்களும் அதைத் திருப்பிச் சொல்லிச்சுங்க. நான் கதவுகிட்ட நின்னுகினு கேட்டேன்.

பாரி